உள்ளே யாரும் இல்லை என்று எழுதியவர்கள்

போன வருஷம் ஏப்ரல் மாதம், ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் நடந்தது இது. பல மாதமாக எழுத நினைத்து, பேனாவை எடுத்ததும் மூடி வைத்துவிடுவேன். அப்போது பயம் அதிகமாக இருந்தது. இப்போது கோபம் அதிகமாக இருக்கிறது. அதனால் எழுத முடிகிறது.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒரே மகள். டிப்ளமோ முடித்துவிட்டு அந்த யார்டில் சர்வேயர் பயிற்சிக்குச் சேர்ந்து அப்போது ஐந்து மாதம். அங்கே சர்வேயராக இருந்த ஒரே பெண் அவள்தான்.

வேலை இதுதான். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கன்டெய்னர்களை அங்கே பெட்டி என்பார்கள். அடுத்த சரக்கு ஏற்ற அந்தப் பெட்டி தகுதியானதா என்று பார்த்து எழுத வேண்டும். அதில் ஒரு சோதனைக்கு லைட் டெஸ்ட் என்று பெயர். சர்வேயர் பெட்டிக்குள் போவார். இன்னொருவர் வெளியிலிருந்து கதவை மூடுவார். உள்ளே இருப்பவர் அந்த இருட்டில் நின்று கூரை, சுவர், மூலை எல்லாவற்றையும் பார்ப்பார். ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் புள்ளியாகத் தெரியுமாம். அந்த வழியாக மழைத்தண்ணீர் போய்ச் சரக்கைக் கெடுத்துவிடும். பொட்டு வெளிச்சம் இல்லையென்றால் பெட்டி பாஸ். உள்ளிருந்து தட்டினால் வெளியே நிற்பவர் கதவைத் திறப்பார். எல்லாம் இரண்டு நிமிட வேலை.

கொண்டியைப் போட்டுவிட்டால் அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. இதை மட்டும் அவள் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கு அனுப்பமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

வேறொன்று சொன்னாள். பெட்டிகளைப் பெருக்குகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், வெல்டிங் ஆட்கள் எல்லாரும் உள்ளே போகும்போது ஒற்றைச் செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போவார்களாம். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, யாரும் அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யார்டில் எல்லாருக்கும் தெரியும். பிறகு நிர்வாகம் செருப்புக்குத் தடை போட்டது. கேட்டிலேயே செருப்புப் படத்தின் மேல் சிவப்பில் கோடு போட்டு போர்டு வைத்தார்கள். எல்லாருக்கும் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ கொடுத்தார்கள். செருப்புக்குப் பதிலாகக் கதவில் மாட்ட சிவப்பு அட்டை வரும் என்றார்கள். அட்டை வரவில்லை.

இதைக் கேட்டதும் நான் சிரித்தேன். அந்த வெயிலில், துருப்பிடித்த ஆணிகளும் இரும்புச் சீவல்களும் கிடக்கிற இடத்தில் ஒற்றைக் காலில் செருப்பில்லாமல் நடக்கிறார்களா என்று சிரித்தேன். அப்புறம் பயம் வந்தது. என்ன ஆனாலும் ஷூவைக் கழற்றக் கூடாது என்று என் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

நான் பயந்த சுபாவம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் செய்வேன். யார்டில் கேலி செய்தார்களாம், "இன்னா மேடம், மம்மி அட்டென்டன்ஸ் எடுக்குறாங்களா?" என்று. அவள் என்னிடம் சண்டை போட, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் போன் செய்ய மாட்டேன். அவள் மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு 'சாப்பிட்டேன்' என்று ஒரே ஒரு மெசேஜ் அனுப்புவாள். ஐந்து மாதத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

அன்றைக்கு ஒரு மணி வரை வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்தத்தை மீறி அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. மூன்று முறையும் அதே பதில். யார்டு ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். ஒருவர் எடுத்தார். பின்னால் ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

"பெட்டியெல்லாம் முடிஞ்சிருச்சு மேடம். எல்லாம் சாப்பிடப் போயிட்டாங்க. யார்டுல ஒரு ஈ காக்கா கூட இல்ல" என்றார்.

"நீங்க பார்த்தீங்களா சார்?"

"லிஸ்ட் முன்னாடிதான் இருக்கு மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தப் பதிலில் ஏதோ உறுத்தியது. என்னவென்று அப்போது தெரியவில்லை. தலைமை ஆசிரியையிடம் பாதி சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். அந்தச் சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும், டிரெய்லர் வரிசை நின்றால் நின்றதுதான். ஆட்டோக்காரர் புழுதியில் இறக்கி, டிரெய்லருக்கும் சாக்கடைக்கும் நடுவில் புகுந்து ஓட்டினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்திருக்கும்.

கேட்டில் காவலாளி விடவில்லை. பாஸ் வேண்டும், ஹெல்மெட் வேண்டும். நானும் அவரோடு வாக்குவாதம் செய்து இரண்டு நிமிடம் வீணடித்தேன். அப்புறம்தான் மேஜைமேல் இருந்த வருகை நோட்டு கண்ணில் பட்டது. இருபத்திரண்டு வருடமாக வருகைப் பதிவேடு பார்த்த கண். மகளின் கையெழுத்து இருந்தது. உள்ளே வந்த நேரம் இருந்தது. வெளியே போன நேரத்துக்கான கட்டம் காலி.

"வந்த பொண்ணு வெளியே போகலன்னு உங்க நோட்டே சொல்லுதே. உள்ளேயும் இல்லன்னா அவ எங்கே?"

அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டார்.

உள்ளே பெட்டிகள் தெருத் தெருவாக, நாலு மாடி உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. இரும்பிலிருந்து அனல் அடித்தது. தூரத்தில் டங் டங் என்று சத்தம். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கம்பியால் ஒவ்வொரு பெட்டியாகத் தட்டி, காது வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். பெட்டிகளைப் பெருக்குகிற அக்கா. என் மகள் தினமும் அவளோடுதான் சாப்பிடுவாள் என்று பிறகு தெரிந்தது.

"நீ யாரும்மா?" என்றாள். சொன்னேன்.

"அப்போ நீயும் கூவிக்கினே வா. உன் கொரல் அதுக்குத் தெரியும். சாப்பாட்டுப் பை மரத்தாண்டையே கீது. எனக்குன்னு கத்திரிக்கா கொழம்பு எடுத்தாந்துருக்கு. அத்த குடுக்காம அந்தப் பொண்ணு எங்கியும் போவாது."

அந்தக் குழம்பை நான்தான் காலையில் தனி டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தேன். யாருக்கு என்று கேட்கக்கூட இல்லை. அவசரம்.

நான் பெயர் சொல்லிக் கத்தினேன். பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ரீச் ஸ்டாக்கர் வண்டி பக்கத்து வரிசையில் உறுமிக்கொண்டிருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். கையில் ஒரு லிஸ்ட். இருபது பெட்டிகளின் எண்ணும், எல்லாவற்றுக்கும் நேராக ஓகே என்ற டிக்கும், எழுதிய நேரமும் இருந்தன. "பாருங்கம்மா, எல்லாப் பெட்டியும் பார்த்து முடிச்சாச்சு, உள்ள யாரும் இல்ல, பொண்ணு வெளியில கடைக்கு எங்கனா போயிருக்கும்" என்றார். கப்பலுக்குப் பெட்டி போக வேண்டும், வேலையை நிறுத்த முடியாது என்றும் சொன்னார்.

அக்கா அவர் முகத்துக்கு நேரே கம்பியை நீட்டினாள். "நீ போய்ப் பாத்தியா?"

"லிஸ்ட்ல கிளியரா..."

"லிஸ்ட்ட கேக்கல நைனா. நீ போய்ப் பாத்தியான்னு கேக்குறேன்."

அவள் நேரே நடந்துபோய் அந்த வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள். ஒரு டயரே அவள் உயரம் இருந்தது. "எஞ்சின நிறுத்து. ஒரு சத்தம் இருக்கக் கூடாது" என்றாள். டிரைவர் நிறுத்தினார். வரிசையில் நின்ற டிரெய்லர்களையும் நிறுத்தச் சொல்லிக் காவலாளி ஓடினார். ஹாரன் அடித்த ஒருவரை இன்னொரு டிரைவர் ஏதோ திட்டி அடக்கினார். ஒவ்வொன்றாக எல்லாம் அடங்கியது. வடசென்னையில் பிறந்து வளர்ந்தவள் நான். பட்டப்பகலில் அந்தச் சாலையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

அப்போது கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக், டொக்.

மூன்றாவது வரிசையில், கீழிருந்து இரண்டாவது அடுக்கில் இருந்த பெட்டி. கதவில் சாக்பீஸால் ஓகே என்று எழுதியிருந்தது. அதன்மேல் இன்னொரு பெட்டி ஏற்றப்பட்டிருந்தது.

மேல் பெட்டியை எடுத்து, அவள் இருந்த பெட்டியைத் தரையில் இறக்கும்வரை நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். கொண்டியைத் தூக்கிக் கதவைத் திறந்ததும் உள்ளே அடைபட்டிருந்த வெக்கை எங்கள் முகத்தில் அறைந்தது. என் மகள் கதவை ஒட்டித் தரையில் கிடந்தாள். தலைமுடி கழுத்தோடு ஒட்டியிருந்தது. ஒரு காலில் ஷூ இல்லை. அது கையில் இருந்தது. அதன் இரும்பு முனையால்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தண்ணீர் கொடுத்தோம். இரண்டு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் சூப்பர்வைசரைப் பார்த்துச் சொன்னாள், "சார், கீழ் மூலையில ஓட்டை இருக்கு. இந்தப் பெட்டி ஃபெயில்."

பித்துப் பிடித்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் அவள் அந்த ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உயிரோடு இருந்திருக்கிறாள்.

நடந்தது என்னவென்று ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அன்று காலையிலேயே சூப்பர்வைசர் இருபது பெட்டிகளுக்கும் ஓகே என்று லிஸ்டில் எழுதி, கதவுகளிலும் சாக்பீஸால் போட்டுவிட்டார். எல்லாம் நல்ல பெட்டி, எழுதிக்கொண்டு போய்க்கொண்டே இரு என்றிருக்கிறார். இவள் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாள். பதினாறாவது பெட்டியில், கடல்காற்றுக்குக் கதவு நிற்காமல் ஆடியதால், உதவிக்கு நின்ற ஆள் கொண்டியைப் போட்டிருக்கிறார். அதே நேரம் டிரெய்லர் வந்துவிட்டது என்று சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு, அங்கிருந்து இன்னொரு வேலைக்கு அனுப்பிவிட்டார். அவர் உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர் காதில் வாங்கவில்லை; இது அந்த ஆளே பிறகு சொன்னது. அதற்குள் ரீச் ஸ்டாக்கர் வந்து, ஓகே போட்டிருந்த பெட்டியைத் தூக்கி அடுக்கிவிட்டது. இரும்புக்குள் போனுக்கும் சிக்னல் கிடைக்கவில்லை.

டாக்டர், "இன்னும் அரை மணி நேரம்..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலை அந்த ரீச் ஸ்டாக்கர் டிரைவர் வந்தார். வார்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். நான் வெளியே போனேன். "தூக்கறதுக்கு முன்னாடி கீழ பாத்தேன் மேடம். பழக்கம், எப்பவும் பாப்பேன். செருப்பு இல்ல. இருந்திருந்தா தொட்டே இருக்க மாட்டேன்" என்றார்.

அவளைச் சத்தியம் செய்ய வைத்தது நான். ஷூதான் தட்ட உதவியது, அதனால் நீ சொன்னதும் நல்லதுதான் என்று என் மகள் சமாதானம் சொல்கிறாள். அந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. ஏசி அறையிலிருந்து பார்க்காமல் பேசியவரை நான் திட்டுகிறேனே, நானும் அந்த யார்டை ஒரு தடவைகூடப் பார்க்காமல்தானே அவர்கள் வழக்கத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. நல்ல தாள், நல்ல ஆங்கிலம். விரிவான விசாரணை நடத்தினார்களாம். நிர்வாகத்தின் தரப்பில் கவனக்குறைவு இருந்ததற்கு 'நாட் எ ஷ்ரெட் ஆஃப் எவிடென்ஸ்' என்று முடித்திருந்தார்கள். பயிற்சியாளர் கதவில் சிவப்பு அட்டை மாட்டத் தவறியதே காரணமாம். வராத அட்டையை மாட்டவில்லையாம். படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

ஷ்ரெட் என்றால் கிழித்துப் போட்ட துணுக்கு. அந்தத் தொடரை நான் வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறேன். அவ்வளவு சின்னத் துணுக்குக்கூட இல்லை, அறவே இல்லை என்பது பொருள். ஆதாரம், சந்தேகம், உண்மை, வெட்கம் போன்ற சொற்களோடு வரும். இல்லை என்று அழுத்திச் சொல்லும்போது மட்டுமே வரும். தமிழில் நாம் துளிகூட, இம்மிகூட, மருந்துக்குக்கூட என்று சொல்வதுபோல என்று விளக்குவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்.

இவ்வளவு வருஷம் நடத்தியும் எனக்கே ஒன்று தோன்றியதில்லை. துணுக்குக்கூட இல்லை என்று ஒருவர் எழுத வேண்டுமென்றால், அவர் துணுக்கு விடாமல் தேடியிருக்க வேண்டும். அந்த விரிவான விசாரணையில் என் மகளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. டிரைவரைக் கேட்கவில்லை. கொண்டியைப் போட்டவரைக் கேட்கவில்லை. பெருக்குகிற அக்காவைக் கூப்பிட்டார்கள். என்ன பார்த்தாய் என்று கேட்பதற்கு இல்லை, வேலையை ஏன் நிறுத்தினாய் என்று கேட்பதற்கு. அவளுக்கு ஒரு வாரம் வேலை கொடுக்கவில்லை.

என் கணவர் விட்டுவிடு என்றார். பிள்ளை பிழைத்ததே போதும், வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நான் இரண்டு நாள் கடிதத்தை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள், விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

விரிவான விசாரணை என்ற இடத்தில் அடிக்கோடிட்டு, யாரிடம் என்று எழுதினேன். சிவப்பு அட்டை என்ற இடத்தில், எங்கே, எப்போது கொடுத்தீர்கள் என்று எழுதினேன். ஷ்ரெட் என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில், 'இலக்கணம் சரி. நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?' என்று எழுதினேன். கீழே, என் மகளின் பெட்டி எண்ணையும், அதில் ஓகே எழுதிய நேரத்தையும், அவள் அதற்குள் போன நேரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். எழுதிய நேரம்தான் முந்தையது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மகள் போடவில்லை. நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதே கேள்விகளைத் தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பார்க்கிற அரசு அலுவலகத்துக்கும் அனுப்பினேன்.

நிர்வாகத்திடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. அரசு அலுவலகத்தில், மனு பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். அக்காவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதற்குக் காரணம் என் கடிதம் இல்லை, அவளில்லாமல் மற்றப் பெண்கள் யாரும் துடைப்பத்தைத் தொடவில்லை என்பதுதான். சிவப்பு அட்டைகளும் வந்துவிட்டன. தொலைந்துவிடக் கூடாது என்று ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவி அந்த ஏசி அறைக்காரரிடம் இருக்கிறது.

என் மகள் ஒரு மாதம் கழித்துத் திரும்ப வேலைக்குப் போனாள். நான் அழுதேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அவள், "உள்ள போகாம எழுதறதுக்கு அங்க நிறைய பேர் இருக்காங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நான் வண்ணாரப்பேட்டைக்குப் போய் நடைபாதைக் கடையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன். பளீரென்ற ஆரஞ்சு நிறம், அவள் காலுக்கு மூன்று சைஸ் பெரிது. சைஸ் மாத்திக்கலாம் மேடம் என்றார் கடைக்காரர். வேண்டாம், தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்றேன். காலில் ஷூ, பையில் செருப்பு என்று இப்போது போகிறாள். பெட்டிக்குள் போகும்போது செருப்பை வெளியே வைக்கிறாள். கேட்டில் அந்தக் காவலாளி பையைச் சோதிப்பார், ஆனால் செருப்பு மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த வருஷமும் அந்தத் தொடரை வகுப்பில் நடத்தினேன். பொருளைச் சொன்னேன், பயன்பாட்டைச் சொன்னேன். புதிதாக ஒன்றையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்: இதை எழுதுவதற்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். பரீட்சையில் அதற்கு மதிப்பெண் கிடையாது என்றும் சொல்லிவிட்டேன்.

தினமும் மாலை அவள் குளிக்கப் போனதும் அவளுடைய பையைத் திறந்து பார்க்கிறேன். அவள் வீட்டில்தான் இருக்கிறாள், குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்கூடக் கேட்கிறது, ஆனாலும் அந்த இரண்டு செருப்பையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான், அந்தப் பெட்டிக்குள் இப்போது யாரும் இல்லை என்று என்னால் நம்ப முடிகிறது.